பாதியில் நின்ற ஒப்பாரி

ஏரியின்மேல் முதற்பனி மெல்லிய தோலாய்ப் படர, இலையுதிர்ந்த வெண்பட்டை மரங்கள் நரைத்த விரல்களாய் வானைத் துழாவ, கதிரவன் அழையா விருந்தினன்போல் வாயிலில் நின்று திரும்பிவிடும் வடகோடிக் கரேலியக் கூதிர்க்காலத்து நண்பகல் அது. கரையோர நீராவிக் குளியல் குடிலில், காய்ச்சலில் மாண்ட தன் சிறுமகள் நாஸ்தியைக் கழுவிக் கிடத்தி, வார்வானா ஒப்பாரி தொடுத்தாள். உறவினர் பாடும் ஒப்பாரியே அந்நாட்டில் இறந்தோர்க்கு வழித்துணை. அதைக் கேளாத உயிர் கரைகாணாப் படகாய் இருளில் அலையும். இறந்தவர் பெயரை அதில் உரைத்தலாகாது. ஆதலின், "என் வெள்ளைக் குருவியே" என அழைத்து அவள் குரல் ஏறி, ஓரிடத்தில் ஒடிந்து வீழ்ந்தது.

வாயிலில் அவள் கணவன் இல்மோ நின்றான். பல கருவிகள் ஒன்றாய் முழங்கும் பல்லியத்துக்கு இசை யாத்துப் புகழ்பெற்றவன். அவன் கையில் தாளும் எழுதுகோலும் இருந்தன.

"நிறுத்து, நிறுத்து. இப்போ குரல் ஒடிஞ்சுச்சே, அந்த இடத்தைக் குறிச்சுக்காம விட்டுட்டேன். அங்கேருந்து இன்னொரு தடவை அழு."

பிணங்கழுவ வந்த அண்டைவீட்டுப் பரஸ்கா சீறினாள்: "ஏன்யா, பெத்தவ அழுறது உனக்குக் கூத்தா? வெளிய போய்யா!"

அவன் போகவில்லை. எழுதுகோலை நாவில் நனைத்துக் காத்திருந்தான். வார்வானா வாயை மூடினாள். மூடிய வாய் பின்னர் நெடுங்காலம் ஒப்பாரிக்குத் திறக்கவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் ஹெல்சின்கி நகரில், அவ்வொப்பாரியைக்கொண்டு இல்மோ யாத்த பேரிசை அரங்கேறிற்று. பனிக்கட்டிக்கு அடியில் ஓடும் நீர்போல் வில்லால் இழைக்கும் நரம்புக்கருவிகள் முனக, தனித்ததொரு குழல் அவள் ஒப்பாரியைப் பாடியது. விடுபட்ட இடத்தில் மட்டும் கொம்புகள் வீறிட்டு வெறுமையை மறைத்தன. அவையோர் எழுந்து ஆர்ப்பரித்தனர்.

"கல்லையே அழ வெச்சுட்டாரும்மா உங்க வீட்டுக்காரர்!" என்று உருகினாள் அருகிருந்த சீமாட்டி.

"ஆமா, கல்லு அழும்" என்றாள் வார்வானா.

ஆயினும் கொம்புகளின் பொய்யை இல்மோ அறிவான். அவ்விடம் அவன் செவியில் முள்ளாய்த் தைத்திருக்க, வேறெதையும் அவனால் யாத்து முடிக்க இயலவில்லை. ஆண்டுதோறும் இரந்தான், வைதான், ஒருமுறை அடித்தும் பார்த்தான். அவன் செவி உயிரோடிருக்கும்வரை எங்கு அழுதாலும் அது தாளில் ஏறிவிடுமென அஞ்சி, அவள் ரொட்டி சுட்டாள், வலை உலர்த்தினாள், அழவில்லை. முதுமையில் படுக்கையில் வீழ்ந்தபோதோ வேறோர் அச்சம் அவனைப் பற்றிற்று.

"நான் போனா அழுவியா, வார்வானா? இல்லேன்னா எனக்கு வழி தெரியாதுடி."

"எம் பொண்ணு இத்தனை வருஷமா பாதி வழியில நிக்கிறா. அவளுக்கு மட்டும் தெரியுமா?" என்று போர்வையை அவன் கழுத்துவரை இழுத்து விட்டாள்.

அவன் மாண்டதும் அதே குடிலில் கழுவிக் கிடத்தினர்.

"ஒரு வார்த்தை சொல்லுக்கா. இருட்டுல தவிச்சு நிப்பாரு" என்று கெஞ்சினாள் பரஸ்கா.

வார்வானா குனிந்து அவன் காதைத் தொட்டுப் பார்த்தாள். அது பனிபோல் குளிர்ந்திருந்தது.

"இனிமே கேக்காதில்ல?"

பிறகு வாய் திறந்தாள். சூழ்ந்த பெண்டிர் ஆறுதலுற்றுக் கைகூப்பினர். அடுத்த நொடியே கூப்பிய கைகளை இறக்கினர். "என் வெள்ளைக் குருவியே" என்றே அவ்வொப்பாரி எழுந்தது. ஒடிந்த இடத்திலேயே மீண்டும் ஒடிந்து, அதற்கப்பால் நடந்து, மகளைக் கரைசேர்த்து ஓய்ந்தது. கிடத்தப்பட்டவனுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

உலகையே அழவைத்தவன், தனக்கென ஒரு துளி அழுகையின்றி மண்ணுட் சென்றான். பிறர் துயரைப் பறித்துப் பாட்டாக்குவோர்க்குப் பாட்டு எஞ்சும், துணை எஞ்சாது.