ஹாரனுக்குச் சாத்திய கதவு

அக்காவின் பிடிவாதத்தைப் பற்றி அவள் புருஷனே ஒருமுறை சொன்னார்: "இவ வேண்டாம்னு சொல்லிட்டா, அப்புறம் கடவுளே வந்து நின்னாலும் மனு வாங்க மாட்டா." எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். உண்மையில் கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பிதான். அவனைத்தான் நாலு வருஷமாக அவள் வாசலில் சேர்க்கவில்லை.

பிழைப்புக்குத் திரைச்சீலை தைத்தாள். வேலை பார்த்த துணிக்கடையின் பின்கட்டில் ஆள் நீளத்துக்கு ஒரு வெட்டு மேஜை, அதன் ஓரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் 'நாலு மணி நேரம்' குடியிருந்தது. அது ஒரு குழு. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு அவள் புருஷன் ஆறு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு நாலு நாலு மணி நேரம் படுத்துக் கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்காத குறையாக இருந்தபோது இருவரும் சேர்ந்து ஆரம்பித்தது அது. அவர் போனபின் அவள் ஒருத்தியே நடத்தினாள். அதே மாதிரி மெஷின்களில் படுத்திருக்கும் இருநூறு பேர் அதில் எழுதினார்கள்.

சொந்தக் கம்ப்யூட்டர், சொந்தச் சட்டம். அக்காவின் சட்டங்களில் முதலாவது: சாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஆரம்ப நாட்களில் ஒருவர், மெஷினில் இருக்கும்போதே, தன்னோடு தினம் பேசிக்கொண்டிருந்தவர் இறந்துபோன செய்தியைப் படித்துவிட்டு, கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நடந்தார். வார்டு முழுக்க ரத்தம். அன்றிலிருந்து யாராவது இறந்தால் அக்கா சத்தமில்லாமல் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவாள். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை.

தம்பி லாரி ஓட்டினான். எதற்கும் ஒரு நக்கல் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. மாமா செத்த சேதி தெரிந்து, இரண்டு நாள் விடாமல் வண்டி ஓட்டி, எல்லாம் முடிந்த பிறகு கிரீஸ் கையோடு வந்து சேர்ந்தான். மாமா உட்காரும் நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்து, "மாமா மெஷினுக்கு டிமிக்கி குடுத்துட்டாரு போல" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்த வாயைத்தான் அக்கா பார்த்தாள், கண்ணைப் பார்க்கவில்லை. "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்றாள். வீட்டை மாற்றினாள், போன் நம்பரை மாற்றினாள்.

இரண்டு வருஷம் கழித்து அவள் கம்ப்யூட்டரில் ஒரு வேண்டுகோள் வந்தது. 'ஹாரன்' என்ற லாரிக்காரர்கள் குழு, உங்கள் குழுவோடு இணைய விரும்புகிறது. நடத்துபவர் பெயர்: தம்பி. இணைத்துவிட்டால் அங்கே எழுதுவது இங்கே தெரியும், இங்கே எழுதுவது அங்கே தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு வைத்தது மாதிரி. வீடு அவரவருடையது, கதவு மட்டும் பொது.

அக்கா அன்று முழுவதும் ஒரு திரைச்சீலையின் மடிப்பைத் தைத்துத் தைத்துப் பிரித்தாள். சாயங்காலம் 'சரி'யை அழுத்தினாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவனும் எழுதவில்லை. அதற்குப் பிறகும் இருவரும் நேராகப் பேசிக்கொண்டதில்லை. அவள் குழுவுக்குப் பொதுவாக "காலை வணக்கம்" என்று போட்டால், பத்தாவது நிமிஷம் அவன் "வணக்கம்" என்று போடுவான். அந்த ஒரு வணக்கத்துக்காக அவள் ஊசியில் நூல் கோக்காமல் காத்திருப்பாள். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இரண்டு குழுவும் ஒட்டிக்கொண்டதுதான் ஆச்சரியம். மெஷினில் படுத்திருப்பவர்கள் "இப்ப எங்க போயிட்டிருக்கீங்க?" என்று கேட்பார்கள். சாப்பிட நிறுத்திய லாரிக்காரன் எவனாவது மலைப்பாதையையும் மூடுபனியையும் வர்ணிப்பான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர்தான் இதில் முதல் ஆள். லாரிக்காரர்களோடு அவருக்கு அப்படி ஒரு ஒட்டுதல். ஹாரன்காரர்கள் வாய் நீளம் என்று அக்கா அடிக்கடி முணுமுணுப்பாள். ஆனால் கண்டுகொள்ள மாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அந்த அறிவிப்பு வந்தது. ஒத்தைக்கண்ணன் என்ற டிரைவர் போட்டிருந்தான். அவன் லாரிக்கு ஒரு விளக்கு எப்போதும் எரியாது, அதனால் அந்தப் பெயர்.

"கணக்கு வாத்தியார் மண்டையைப் போட்டார். குற்றப்பட்டியல் பின்வருமாறு. ஒன்று, லாரிக்காரனுக்குப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து நிம்மதியைக் கெடுத்தது. இரண்டு, படுத்துக்கொண்டே எங்களுக்கு வழி சொன்னது. மூன்று, மூணு நாளாய் ஆளைக் காணோம். ஆட்சேபணை இருந்தால் இறந்தவர் நேரில் வந்து தெரிவிக்கவும்."

வாத்தியார் நிஜமாகவே முந்தின நாள்தான் இறந்திருந்தார். சேதி சொல்வதற்காக அவர் மகள் அப்பாவின் போனைத் திறந்தபோது கண்ணில் பட்டது இதுதான். அவள் அக்காவுக்கு இரண்டே வரி எழுதினாள்: "எங்கப்பா சாவு உங்களுக்குச் சிரிப்பா இருக்கா? நீங்களும் ஒருத்தரை இழந்தவங்கதானே?"

காலி நாற்காலியும் கிரீஸ் கையும் அக்காவின் கண் முன்னால் வந்து நின்றன. முதன்முறையாகத் தம்பிக்கு நேராக எழுதினாள்: "உன் ஆளுங்களை அடக்கு. இல்லேன்னா கதவைச் சாத்திடுவேன்."

உடனே பதில் வந்தது. "தப்புதான்க்கா. அந்தப் பொண்ணுகிட்ட நானே மன்னிப்பு கேக்கறேன். ஆனா ஒருத்தன் செஞ்சதுக்கு மொத்த வீட்டையும் சாத்தாதே. அதை நாங்க ஏன் போடறோம்னு ஒரே ஒரு தடவை கேளு."

"கேக்க வேண்டியதை நாலு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டுட்டேன்."

"அக்கா, எனக்கு இருக்கறது இந்த ஒரு வழிதான்."

அதையும் படித்தாள். படித்துவிட்டுத்தான் சாத்தினாள். மொத்த ஹாரனையும் தடுத்தாள். அங்கிருந்து வருவதெல்லாம் இனி 'தடுத்தவை' என்ற மூலையில் போய் விழும். முப்பது நாள் கிடக்கும், பிறகு தானே அழியும். அந்த மூலையை அவள் எட்டிப்பார்க்கவில்லை.

குழுவில் கேட்டார்கள். சலவைக்கடைக்காரர், வாய் ஓயாத மனுஷன், தினம் கேட்டார்: "ரோட்டுக்காரங்க எங்கக்கா? எனக்கு நாலு மணி நேரம் நாப்பது மணி நேரமாப் போகுது." "ஏதோ கோளாறு, பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் அக்கா. பச்சைப் பொய். காலை வணக்கம் போடும்போது மட்டும் கை ஒரு நிமிஷம் நின்றது. பத்து நிமிஷம் கழித்து ஒன்றும் வராது. வராது என்று தெரிந்தும் பார்ப்பாள், பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

பன்னிரண்டாம் நாள், குழுவில் சேர ஒரு புது விண்ணப்பம் வந்தது. காரணம் என்ற இடத்தில், "லாரி ஓட்டுறேன். அக்காகிட்ட ஒரு விஷயம் அவசரமா சொல்லணும்" என்று இருந்தது. லாரி என்ற வார்த்தையிலேயே அவளுக்குச் சுர்ரென்றது. நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மட்டும் என்ற வழக்கமான பதிலை அனுப்பினாள். மறுநாள் இன்னொருவன். அதே காரணம், அதே பதில். "விட மாட்டேங்கறானுங்க பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பித்தளைக் கொக்கிகளை எண்ணி வைத்தாள். அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. தம்பி கெஞ்சுகிறான் என்று நினைத்தாள். இன்னும் நாலு நாள் கெஞ்சட்டும், அப்புறம் திறக்கலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

அவளைத் திறக்க வைத்தது வாத்தியாரின் மகள்தான். மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், நீளமாக எழுதியிருந்தாள்.

"அப்பா போன்ல பழசெல்லாம் உக்காந்து படிச்சேன். அந்த மாதிரி அறிவிப்பை அப்பாவே ஒண்ணு, ஹாரன்காரங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி, எழுதியிருக்காரு. குறட்டைன்னு ஒரு டிரைவரைப் பத்தி. மூணு நாள் ஆளைக் காணோம்னா அவங்க போடறதாம். தனியா ரோட்டுல போறவங்களாச்சே, விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? சும்மா எங்க இருக்கேன்னு கேட்டா எவனும் பதில் போட மாட்டானாம், செத்துட்டேன்னு சொன்னா திட்டறதுக்காவது வருவானாம். வந்து 'இன்னும் இருக்கேன்'னு எழுதணும். எழுதினதும் எல்லாரும் ஹாரன் அடிக்கற மாதிரி ஆளுக்கு ஒரு 'பாம்' போடுவாங்க. அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதலேன்னா, பக்கத்துல ஓட்டிக்கிட்டிருக்கறவங்க வண்டியைத் திருப்பித் தேடப் போவாங்க. குறட்டை எழுதல. மூணு வண்டி திரும்பிச்சு. டயருக்கு அடியில கால் மாட்டிக் கெடந்தவரை எடுத்திருக்காங்க. அது கேலி இல்லக்கா. எங்கப்பாவை அவங்க தேடியிருக்காங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். தயவுசெஞ்சு திறந்துவிடுங்க."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். தன் குழுவில் ஆளைக் காணோமென்றால் என்ன செய்வோம் என்று யோசித்தாள். பெயரை எடுத்துவிடுவோம். அந்த இரண்டு விண்ணப்பங்களும் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தன. அவசரம் என்று எழுதியிருந்தார்கள். 'தடுத்தவை'யைத் திறந்தாள்.

நாற்பத்தொரு செய்திகள். முதல் ஏழு நாளும் தினம் ஒன்று, தம்பியுடையது, அவள் வணக்கத்துக்குப் பத்தாவது நிமிஷம் பிசகாமல்: "வணக்கம்." கதவு சாத்தியபின் இந்தப் பக்கம் அவள் போடுவது அவனுக்குத் தெரியாது. இருந்தும் அவள் போடும் நேரத்தை அவன் மறக்கவில்லை.

எட்டாம் நாள் வணக்கம் இல்லை. ஒன்பதும் பத்தும் இல்லை.

பத்தாம் நாள் மத்தியானம், ஹாரனில் பொதுவாகப் போட்ட அறிவிப்பு: "தம்பி மண்டையைப் போட்டான். குற்றப்பட்டியல். ஒன்று, நம்மையெல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்குள் அடைத்தது. இரண்டு, டீக்கடை டீக்கடையாய் உட்கார்ந்து அக்கா புராணம் பாடி நம் காதை அறுத்தது. மூன்று, மாமா செத்த வீட்டில் வாய் உளறியதற்கு இன்னும் அழுவது. ஆட்சேபணை இருந்தால் நேரில் வரவும்."

பதில் இல்லை.

அன்று சாயங்காலம்: "வண்டி நாலு திரும்பியாச்சு."

மறுநாள் காலை, அவளுக்கு நேராக: "அக்கா, நான் ஒத்தைக்கண்ணன். ஆள் கெடைச்சாச்சு. பாலம் தாண்டி ஓரங்கட்டி, ஸ்டியரிங் மேலயே சாஞ்சிருந்தான். உயிர் இருக்கு. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்காம். பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். உங்க நம்பர் யார்கிட்டயும் இல்ல. வாங்கக்கா."

பிறகு குறட்டை. பிறகு வேறு யாரோ. வார்டு எண், கட்டில் எண், பஸ் இறங்கும் இடம். "அக்கா, இதைப் பாத்தா ஒரு வார்த்தை." "அக்கா, உங்க குழுவுல சேர எழுதிப் போட்டேன், திருப்பிட்டீங்க." "அக்கா, அவன் முழிச்சுட்டான். வலது கை வரல. ஹாரன்ல பதில் போடுடான்னா, அக்காகிட்ட சொல்லிட்டு அப்புறம் போடறேங்கறான். என் போனைத்தான் குடுத்திருக்கேன்."

அதற்குக் கீழே, இடது கையால் தட்டுத் தடுமாறி அடித்த ஒரே வரி. தம்பியுடையது.

"இனும் இருகேன்கா."

பதிமூன்றாம் நாள், மத்தியானம் இரண்டு மணி. அவள் இரண்டாவது விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டுக் கொக்கி எண்ணிக்கொண்டிருந்த நேரம்.

கடைசிச் செய்தி பதினைந்தாம் நாள் வந்தது. ஒத்தைக்கண்ணன் எழுதியிருந்தான்: "அக்கா, இனிமே அவசரம் இல்ல."

அக்கா அதை மூன்று தடவை படித்தாள். முன்கட்டில் கடைக்காரர் யாருக்கோ துணி அளந்து காட்டிக்கொண்டிருந்தார். வெட்டு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் என்ன பாவி, என்ன பாவி என்று வாய்விட்டுச் சொன்னாள். அவர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் எழுந்து கதவைத் திறந்தாள். ஹாரனுக்குள் போனாள்.

அந்த அறிவிப்பை அவர்கள் எடுக்கவில்லை. சம்பந்தப்பட்டவன் வந்து பதில் சொல்லாமல் மூடக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அதனால் எடுக்க மனசில்லாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அடியில் வெள்ளையாக ஒரு காலியிடம் இருந்தது.

அவள் வந்ததை ஒத்தைக்கண்ணன் பார்த்துவிட்டான். "வந்துட்டீங்களாக்கா" என்று எழுதினான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. "கடைசி வரைக்கும் நாங்க கூடத்தான் இருந்தோம், தனியா விடல. அறிவிப்பை மூடிடட்டுமாக்கா?"

"இருங்க, அவன் பதில் என்கிட்ட இருக்கு" என்றாள் அக்கா.

தம்பி அனுப்பிய அந்த வரியை எடுத்து, விட்டுப்போன எழுத்துகளைக்கூடத் திருத்தாமல், அவன் பெயரோடும் நாளோடும் நேரத்தோடும் அந்தக் காலியிடத்தில் வைத்தாள். 'இனும் இருகேன்கா.'

முதலில் குறட்டை "பாம்" என்று போட்டான். ஒத்தைக்கண்ணன் போட்டான். எங்கெங்கோ ரோட்டோரம் நிறுத்திய வண்டிகளிலிருந்து ஒவ்வொருவராகப் போட்டார்கள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் இந்தப் பக்கமும் தெரிந்தது. மெஷினில் படுத்திருந்த சலவைக்கடைக்காரர், என்ன ஏது என்று தெரியாமலே, ரோட்டுக்காரர்கள் திரும்பி வந்த சந்தோஷத்தில் தானும் ஒரு "பாம்" போட்டார். "அக்கா, கோளாறு சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

அக்காவும் பதில் எழுதத்தான் பார்த்தாள். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை.