எண்ணெயை மறந்த கணக்கு

கிரேனை எப்போது கூப்பிடலாம் என்று ஃபோர்மேன் கேட்டதும், வாத்தி சட்டென்று எட்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டான்.

எதற்கெடுத்தாலும் காகிதத்தில் கணக்குப் போடுவதால் பட்டறையில் அவனுக்கு அந்தப் பெயர். ஊரை விட்டு இங்கே வந்து மூன்று மாதம். இன்றோடு சோதனைக் காலம் முடிகிறது. ஃபோர்மேன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளில் கையெழுத்து விழுந்தால் வேலை நிரந்தரம், விழாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். காலையில் போனில் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், எங்கேயும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று.

நாற்பது கிலோ இரும்பு வளையம் ஒன்றைத் தண்டில் மாட்ட வேண்டும். வளையத்தின் ஓட்டை தண்டைவிட ஒரு முடியளவு சிறியது. எண்ணெய்த் தொட்டியில் முக்கி இப்போதைய சூட்டுக்கு மேல் நூறு டிகிரி ஏற்றினால் ஓட்டை விரியும், கிரேனில் தூக்கி ஒரே மூச்சில் இறக்கிவிடலாம். சூடு பற்றாவிட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் வளையமும் போச்சு, தண்டும் போச்சு.

அவன் காகிதத்தில் எழுதிய கணக்கு இதுதான்: ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடாக்க அரை கிலோஜூல். நாற்பது கிலோவுக்கு, நூறு டிகிரிக்கு, இரண்டாயிரம். ஹீட்டர் நொடிக்கு நாலு தரும். ஐந்நூறு நொடி, எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே.

பத்தாவது நிமிஷம் கிரேன் வந்து நின்றது. முப்பதில் கிளம்பி நூற்றுமுப்பதைத் தொட்டிருக்க வேண்டிய முள், ஐம்பதில் நின்றது. வெப்பமானியைத் தட்டிப் பார்த்தான். ஹீட்டரைப் பார்த்தான், நன்றாகத்தான் எரிந்தது. தொட்டி நிறைய எண்ணெய் பளபளத்தது. அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடக் கணக்கில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: பாத்திரமும் சுற்றியுள்ளவையும் ஏற்கும் வெப்பத்தைப் புறக்கணிக்கவும். பத்து வருஷம் அந்த வரியோடு கணக்குப் போட்டவன், இங்கேயும் புறக்கணித்துவிட்டான்.

"இறக்கலாமா?" என்றார் ஃபோர்மேன்.

ம் என்று ஒரு தலையாட்டல் போதும். மானம் தப்பும், இரண்டு நிமிஷத்துக்கு.

"வேண்டாம் சார். என் கணக்கு தப்பு. வளையத்தை மட்டும்தான் பார்த்தேன். எண்ணெயும் சூடாகணுமே, அதை விட்டுட்டேன்."

"தண்ணியை விட்டுட்டு முட்டையை மட்டும் வேக வெச்சிருக்காரு நம்ம வாத்தியாரு," என்றார் கிரேன்காரர்.

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. "அப்போ எவ்வளவு நேரம்?"

எண்ணெயும் நாற்பது கிலோ. ஆனால் அது இரும்பைவிட நாலு மடங்கு சூட்டைக் குடிக்கும். அதற்கு மட்டும் எட்டாயிரம், ஆக மொத்தம் பத்தாயிரம். காகிதத்தின் மறுபக்கத்தில் எழுதி நாலால் வகுத்தான்.

"நாப்பத்திரண்டு நிமிஷம் வருது சார். தொட்டித் தகரமும் கொஞ்சம் இழுக்கும். அம்பதுன்னு வெச்சுக்கலாம். பத்து போயிடுச்சு, இன்னும் நாப்பது."

கிரேன் முனகிக்கொண்டே அடுத்த கொட்டகைக்குப் போனது. ஃபோர்மேன் கவிழ்த்த டிரம்மில் உட்கார்ந்து, பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். வாத்தி முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எண்பது. நூறு. நூற்றுப்பத்து.

கிரேன் திரும்பியபோது நூற்றிருபத்தெட்டு. இன்னும் ரெண்டு டிகிரி அண்ணே என்று கெஞ்சினான். கிரேன்காரர் கொக்கியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

நூற்றுமுப்பது. எண்ணெய் சொட்டச் சொட்ட வளையம் எழுந்து தண்டின் தலைக்கு மேல் வந்தது, இறங்கியது. பாதியில் சங்கிலி ஒரு தரம் ஆடியது. வாத்திக்கு மூச்சு நின்றது. வளையம் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் அடியில் டங்கென்று உட்கார்ந்தது.

ஃபோர்மேன் தாளைத் தொடைமேல் விரித்துக் கையை நீட்டினார். "பேனா குடு. எட்டு நிமிஷம்னு எழுதின பேனாதானே? இப்பவாவது ஒழுங்கா எழுதுதான்னு பார்ப்போம்."

எழுதியது.

வாசலுக்கு வந்து போனை வாயருகே வைத்து அக்காவிடம் சொன்னான்: "வாயைக் கொடுத்துட்டேன்க்கா. அதுவும் ரெண்டு தடவை. ஆனா இங்கதான் இருக்கப் போறேன்."