இன்ஸ்பெக்டரம்மாவும் நான்கு சொட்டு எண்ணெயும்

மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை. பூனைக்கு நஞ்சாகக்கூடிய எண்ணெய் ஒன்றை, பூனையின் பதற்றம் தணிக்கும் இயற்கை மருந்தென்று சொல்லி என்னிடம் விற்றார்கள். இதுவே என் முறையீடு. நம்பி வாங்கியவன் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். தன் பங்கை மறைத்துவிட்டு எழுதினால் அது முறையீடு ஆகாது, புலம்பல்.

எங்கள் பூனையின் பெயர் இன்ஸ்பெக்டரம்மா. காலைதோறும் வாலை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வோர் அறையாக நுழைவாள். அலமாரியின் அடியையும் கதவின் பின்புறத்தையும் பார்வையிடுவாள். குறையும் சொல்லாமல் திருப்தியும் காட்டாமல் வெளியேறுவாள். பணிக்காலத்தில் என்னை நடுங்கவைத்த ஒரே பதவி பள்ளி இன்ஸ்பெக்டர் என்பதால் என் மகள் அந்தப் பெயரைச் சூட்டினாள். பூனைக்கு உயர்திணை வினைமுற்றுப் பொருந்தாது என்று முதல் மாதம் வாதிட்டேன். இரண்டாம் மாதம் நானே "வந்தாள், போனாள்" என்று சொல்லத் தொடங்கினேன். அதைப் பற்றி மேலும் பேச விரும்பவில்லை.

அந்த வாரத் திங்கட்கிழமை மேல்வீட்டில் தரை மாற்றும் வேலை தொடங்கியது. டைல்ஸ் அறுக்கும் இயந்திரம் கூரை வழியாக எங்கள் பல்லுக்குள் இறங்கியது. இன்ஸ்பெக்டரம்மா துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். புதன்கிழமை உணவைத் தொடவில்லை. வியாழக்கிழமை பார்த்தால், வயிற்று மயிரை நக்கி நக்கி உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோலாக்கியிருந்தாள்.

"இப்படியே விட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஏதாவது மூலிகை கீலிகை பாக்கலாம்ங்க" என்றாள் மனைவி.

"முதல்ல டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேப்போம்மா" என்றாள் மகள்.

"என்னைக் கேக்காம யாரும் அவளுக்கு எதையும் குடுக்கக் கூடாது. நான் யோசிச்சு முடிவு சொல்றேன்."

"சரிங்க சார்" என்று மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மனைவி சிரிப்பை முந்தானையில் துடைத்தாள்.

மறுநாள் நான் யோசித்தபடியே இயற்கைப் பொருள்கள் விற்கும் கடைக்குப் போனேன். உலர்ந்த பூக்களும் சிறு புட்டிகளும் நிறைந்த கடை. கல்லாவில் இருந்த பெண்மணி நான் முழுதும் சொல்லி முடிக்கும் முன்பே லாவெண்டர் எண்ணெய்ப் புட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"நாலு சொட்டு தடவுங்க. அப்படியே சொக்கிப் போயிடும்."

"பூனைக்கு ஒத்துக்குமா?"

"பூவோட சாறு சார் இது. பூ யாருக்கு என்ன கெடுதல் பண்ணும்?"

அரளியும் பூதான் என்பது அக்கணம் என் நினைவுக்கு வரவில்லை. காரணம் காட்டாத விடைக்கு ஒருநாளும் மதிப்பெண் போடாத நான், அந்த விடைக்கு முழு மதிப்பெண் போட்டுப் புட்டியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பலன் தெரிந்தபின் அறிவித்துப் பாராட்டை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். மாலையில் அவளை மடியில் கிடத்தி, எரிச்சலுற்றிருந்த அந்த வெற்று வயிற்றில் நான்கு சொட்டும் தடவினேன்.

சனிக்கிழமை காலை அவள் அசையாமல் படுத்திருந்தாள். மேலே இயந்திரம் அலறியது, காதுகூடத் திரும்பவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மனைவியின் முகத்திலும் ஒரு பெருமிதம் தெரிந்தது. மகளின் முகத்திலும் தெரிந்தது. ஏனென்று நான் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா எழ முயன்றாள். பின்னங்கால்கள் பிறருடையவைபோல் தனியே விலகின. வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது.

கால்நடை மருத்துவர் இளம்பெண். மேசைமேல் கிடந்தவளின் கண்களை விரித்துப் பார்த்துக்கொண்டே, "என்ன குடுத்தீங்க?" என்றார்.

"எதுவும் குடுக்கல" என்றேன் நான், குடும்பத்தின் சார்பில்.

மனைவி தொண்டையைச் செருமினாள். "அவர் எதையும் குடுக்கக் கூடாதுன்னாரு... நான் அவ படுக்கைக்கடியில காய்ஞ்ச இலைப் பை ஒண்ணு வெச்சேன் டாக்டர். பூனைங்களுக்குன்னே விக்கிறாங்களே, அது."

"அதனால ஒண்ணும் ஆகாது. வேற?"

"நான் துணிக்கூடைக்குள்ள போனை வெச்சு வீணை வாசிப்பு போட்டேன்" என்றாள் மகள்.

"அதனால யாரும் சாகல. வேற?" மருத்துவர் இப்போது என்னை மட்டும் பார்த்தார். "தெரிஞ்சா இப்பவே வேலைய ஆரம்பிப்பேன் சார். தெரியலேன்னா ரத்தப் பரிசோதனை வர்ற வரைக்கும் குத்துமதிப்பாத்தான் வைத்தியம். அவ்வளவு நேரம் இவகிட்ட இருக்கான்னு எனக்குத் தெரியாது."

பொய் சொன்ன மாணவர்கள் என்முன் நின்ற விதங்கள் எனக்கு அத்துப்படி. கால் பெருவிரலால் தரையைத் தேய்ப்பார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன், தேய்த்துக்கொண்டிருந்தது. அவள் மூச்சு மேசைத் தகட்டில் சிறு வட்டமாகப் பனித்து மறைந்தது. அடுத்த வட்டம் வர நேரமாயிற்று. சட்டைப்பையிலிருந்து புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"நாலு சொட்டு. நேத்து சாயங்காலம். வயித்துல."

மனைவி புட்டியை முகர்ந்துவிட்டு, "அதானே பாத்தேன்! நேத்து வாசனையா இருந்தீங்களேன்னு நான் வேற சந்தோஷப்பட்டுத் தொலைச்சேன்" என்றாள்.

மருத்துவர் அதற்குள் குழாயைத் திறந்துவிட்டார். "பூனையோட கல்லீரலால இத உடைச்சு வெளிய தள்ள முடியாது சார். நமக்கு வாசனை, அவளுக்கு விஷம். போதாததுக்கு நக்கி நக்கி உள்ளயும் எடுத்துக்கிட்டிருப்பா. வெளிய உக்காருங்க. கழுவி, ஊசியில தண்ணி ஏத்தணும்."

மூவரும் நீளப் பலகையில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு முதியவர் கூண்டுக்கிளியோடு காத்திருந்தார். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்து வாதாடியிருப்பேன், பொழுதாவது போயிருக்கும். மூன்று மணிக்கு மகள் தேநீர் வாங்கிவந்து என் கையில் திணித்தாள். "குடிங்கப்பா. நீங்க சொன்னதாலதான் டாக்டர் உடனே கழுவினாங்க" என்றாள். குடித்தேன். சர்க்கரை இல்லை, அதைக் குறிப்பிடவும் இல்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன் உள்ளறையிலிருந்து ஒரு சீறல் கேட்டது. தொடர்ந்து எதுவோ உருண்டு விழுந்தது. உதவியாளர் மணிக்கட்டைப் பிடித்தபடி வெளியே வந்தார். அதில் மூன்று சிவப்புக் கோடுகள், இடைவெளி பிசகாமல் இருந்தன. பின்னால் மருத்துவர்.

"உங்க இன்ஸ்பெக்டர் டூட்டிக்குத் திரும்பிட்டாங்க. கூட்டிட்டுப் போங்க."

எழ முயன்றேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மனைவி தோளைப் பிடித்துத் தூக்கி, "இவருக்கும் பின்னங்கால் ஆடுது டாக்டர்" என்றாள். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டது சிரித்ததால் என்றே பதிவு செய்கிறேன்.

மருத்துவர் சொன்ன வைத்தியம் எந்தப் புட்டியிலும் இல்லை. சத்தம் குறைந்த அறையில் ஓர் அட்டைப் பெட்டி. அதனுள் நான் உடுத்திக் களைந்த, துவைக்காத சட்டை. நேரம் தவறாத உணவு. தினமும் கால்மணி நேரம் நூல் இழுத்து விளையாட்டு. இலைப் பையும் வீணையும் தொடரலாம். மேல்வீட்டுக் கொத்தனாரிடம் நானே போய்ப் பேசினேன்.

"பூனைக்காகவா சார்?" என்று வாயைப் பிளந்தார். மறுநாள் முதல் பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும், தெருமட்டத்தில் வைத்து அறுத்தார். தொடங்குமுன், "இன்ஸ்பெக்டரம்மா, ஆரம்பிக்கிறோம்!" என்று ஒரு குரலும் கொடுத்தார். ஒன்பதாம் நாள் அவள் தட்டைக் காலிசெய்துவிட்டு என் அலமாரியின் அடியைப் பார்வையிட வந்தாள். வயிற்றில் மென்மயிர் அரும்பியிருந்தது.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வேண்டுகோளாக அல்ல, கட்டளையாகவே. உங்கள் வீட்டு விலங்குக்கு எண்ணெயோ இலையோ பொடியோ எதையேனும் யாருக்கும் தெரியாமல் கொடுத்து வருகிறீர்களா? இப்போதே எழுந்து மருத்துவருக்குப் பேசுங்கள். பொருளின் பெயர், அளவு, கொடுத்த நேரம் மூன்றையும் சொல்லுங்கள். அவர் இரண்டாம் முறை கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.