மஞ்சள் விளக்கும் கடைசியாகத் தொட்ட கையும்

மனித இனம் குகையை விட்டு வெளியே வந்ததும், நெருப்பை மூட்டியதும், நிலவுக்குப் போய்த் திரும்பியதும் ஒரே ஒரு கேள்வியால்தான்: "கோளாறு எங்கே இருக்கிறது?" ஜெலுத்தோங்கில் பால்ராஜின் வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அங்கே கேட்கப்படுவது, "யாரு பண்ணுனது?"

பால்ராஜ் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமல் போனால் அவர் அதைத் தேட மாட்டார். கடைசியாக அதைத் தொட்டவர் யார் என்று கண்டுபிடித்து, காரணம் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் அனுப்புவார். கோப்பு அப்புறமும் கிடைக்காது. ஆனால் விஷயம் முடிந்துவிடும்.

அதனால், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மகள் ஷார்லின் வேலையிலிருந்து காரில் வந்து, "அப்பா, காடியில மஞ்ச விளக்கு எரியுது, இன்ஜின் படம் போட்டது" என்று சொன்னபோதே விசாரணை முடிந்துவிட்டது.

"கடைசியா ஓட்டுனது யாரு?"

"நாந்தான். மாக் மண்டின்ல இருந்து இப்பத்தானே வர்றேன்."

"அப்ப நீதான். கடல் பிரிட்ஜுல பறந்திருப்ப."

"எண்பதுக்கு மேல போனதே இல்லப்பா!"

"அதான் தப்பு. மெதுவா ஓட்டி ஓட்டி இன்ஜினுக்கு மூச்சு முட்டிப் போச்சு. பொம்பளப் பிள்ள கையில காடியக் குடுத்தா இப்படித்தான்லா."

சாவி அவருடைய சட்டைப் பைக்குள் போனது. அது ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த கார்தான். ஆனாலும் பால்ராஜின் பெயரில் இருந்தது. கழுவுவது, காற்றடிப்பது, பெட்ரோல் போடுவது, ரோட் டேக்ஸ் கட்டுவது எல்லாம் அவர் கையால் மட்டுமே நடக்கும். மற்றவர்களை ஓட்ட விடுவதே அவர் காட்டும் பெருந்தன்மை.

ஷார்லினுக்குக் கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலையில் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கார் இல்லையென்றால் ஜெட்டி வரை ஒரு பஸ், பிறகு ஃபெர்ரி, அக்கரையில் இன்னொரு பஸ். முதல் பஸ் வரத் தாமதமானால் ஃபெர்ரி போய்விடும். ஃபெர்ரி போனால் ஷிப்ட் போய்விடும். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமையும் தாமதமாக வந்தால் வேலையில் நீடிக்க முடியாது.

"அப்பா, சாவியக் குடுங்க. இல்லாட்டி வொர்க்ஷாப் ஃபோர்மன்கிட்ட அனுப்பிப் பாருங்க."

"ஃபோர்மனா? அவன் என்ன செய்வான்? ஒரு மிஷினை மாட்டி நம்பரப் படிப்பான். எனக்கு நம்பர் படிக்கத் தெரியாதா?"

அந்த மிஷினை அவர் ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தார். தீப்பெட்டி அளவு. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் கைத்தொலைபேசியில் கோளாறின் எண்ணைக் காட்டும், விளக்கமும் சொல்லும். பால்ராஜுக்கு எண் போதுமானதாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கார்த்திகேசுவிடம், "பி சைபர் நாலு அஞ்சு அஞ்சு," என்று தீர்ப்பு வாசிப்பதுபோல் வாசித்தார்.

"பெரிய சீக்கா அண்ணே?" என்றார் கார்த்திகேசு மரியாதையாக.

"சாதாரண ஆளுக்குப் புரியாது."

"கீழே விளக்கம் போட்டிருக்கே, மொத வரியப் படிங்கப்பா," என்றாள் ஷார்லின்.

"கெடுத்தவங்க எனக்குப் பாடம் எடுக்க வேணாம்."

மிஷினில் 'அழி' என்றொரு பொத்தான் இருந்தது. பால்ராஜ் அதை அழுத்தினார். விளக்கு அணைந்தது. கார் குணமாகிவிட்டதாகத் தெருவுக்கே அறிவித்தார். ஆனாலும் சாவி பையிலேயே இருந்தது. குற்றவாளி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லையாம். சனிக்கிழமை சும்மா இருக்க முடியாமல் பிளக்குகளை மாற்றினார், கையைச் சுட்டுக்கொண்டார், காற்று வடிகட்டியைத் துடைத்துத் தலைகீழாக மாட்டி மறுபடி கழற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குப் போகும் வழியில், பால்ராஜே ஓட்டிக்கொண்டிருக்கும்போது, மஞ்சள் விளக்கு மீண்டும் எரிந்தது.

"இப்ப கடைசியா ஓட்டுறது யாருப்பா?" என்று பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது.

"நீ ஓட்டுனதோட பாதிப்பு இன்னும் உள்ள இருக்கு," என்றார் அவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பூசை முடிந்து வந்ததும் பானெட் திறக்கப்பட்டது. கார்த்திகேசு வந்து நின்றார். பால்ராஜ் காருக்குள் குனிந்து, மிஷினை மறுபடி சொருகி, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டு, கைத்தொலைபேசியால் வெளிச்சம் காட்டும்படி மனைவி தெரேசாவிடம் சொன்னார். தெரேசா வெளிச்சம் காட்டினாள். அப்படியே திரையையும் பார்த்தாள்.

"இந்த மொத வரிய நீங்க படிக்கவே இல்லியா?"

"லைட்ட ஆட்டாத!"

"பெட்ரோல் ஆவி எங்கயோ வெளிய போகுதாம். மொதல்ல டாங்கி மூடி ஒழுங்கா மூடியிருக்கான்னு பாக்கச் சொல்லுது."

ஷார்லின் காரின் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் டாங்கியின் சின்னக் கதவைத் திறந்தாள். மூடி அதன் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. பால்ராஜின் தலை ஸ்டியரிங்கில் இடித்த சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா அண்ணே, பொம்பளப் பிள்ள பெட்ரோல் போட்டா மூடக்கூடத் தெரியாது," என்றார் கார்த்திகேசு ஆதரவாக.

பால்ராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அதத்தான் நான் மொதல்ல இருந்து..." என்று தொடங்கினார். மகள் அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. மூன்று நாளாக விடியுமுன் எழுந்து பஸ்ஸுக்கு ஓடிய களைப்போடு பார்த்தாள். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

தெரேசா மூடியைத் திருகினாள். 'டக்' என்று சத்தம் வந்தது.

"ஒரு சாமான் கெட்டா எங்க கெட்டிருக்குன்னு தேடுங்க. யாரு கெடுத்தாங்கன்னு தேடாதீங்க," என்றாள். "ஆள் மேல பழியப் போட்டா சாமானும் சரியாகாது, ஆளும் ஒடஞ்சு போயிரும். அதுவும் வீட்டுல பொம்பளைங்கதான் வாகா கெடைக்கிறோம், இல்ல? இவ வேலை போயிருந்தா அத எந்த மிஷின்ல அழிப்பீங்க?"

ஆயுளில் முதல் தடவையாகப் பால்ராஜிடம் அனுப்புவதற்குக் கடிதம் இல்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்கு நேரத்தோட கெளம்பும்மா," என்றார்.

கார்த்திகேசுவுக்கு மட்டும் வழக்கு முடியாத குறை. "சரிண்ணே, மூடியக் கடைசியா தொட்டது யாரு?"

ஷார்லின் அந்தக் காருக்கு ஒருநாளும் பெட்ரோல் போட்டதில்லை. கடைசியாகத் தொட்டவர் பால்ராஜ்.