மேசைக்கடியில் ஒரு முற்பிறவி

அவளை எல்லோரும் பொத்தானக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காது பரிசோதிக்கும் இடத்தில் வேலை. சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் பஞ்சு வைத்து அடைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். "சத்தம் கேட்டா அழுத்துங்க. எவ்வளவு சன்னமா இருந்தாலும் சரி. கேக்கலேன்னா சும்மா இருங்க, தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வாள்.

பாதிப் பேர் சத்தமே வராதபோதும் அழுத்துவார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை. எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையே காதுக்குள் ஒரு மணியை அடித்துவிடும். இத்தனை வருஷத்தில் அவள் அதற்காக யாரையும் கடிந்துகொண்டதில்லை. குறித்துக்கொண்டு அடுத்த ஒலிக்குப் போய்விடுவாள்.

ஆனால் தன் கூடப்பிறந்த அக்காவின் ஒரே ஒரு பேச்சு மட்டும் அவளுக்கு ஆகாது. அக்கா ஐந்து வயது மூத்தவள். பால் பொங்கி வழிந்தாலும் சரி, பஸ் போய்விட்டாலும் சரி, பெருமூச்சோடு அதே வாக்கியம் வரும்: "எல்லாம் போன ஜென்மத்துக் கர்மம்." ஒரு மழைநாளில் அக்கா வீட்டுக் கூரை ஒழுகியது. வாளி வைக்க உதவிக்குப் போனவள் காதிலும் அதே வாக்கியம் விழுந்தது.

"கூரை ஒழுகினா கூரையில ஓட்டைன்னு அர்த்தம்க்கா. இதுல போன ஜென்மம் எங்க வந்துச்சு?"

"உனக்கு என்னடி தெரியும்?"

தெரியாதுதான். வீட்டுக்குத் திரும்பும்போது குடைக்குள் அந்தக் கேள்வியும் கூடவே நடந்து வந்தது. தெரியாது, சரி. தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா, இல்லையா?

அப்படி நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு பிக்குணி, புத்தமதத் துறவி, காது பார்க்க வந்தாள். பொத்தானக்காவைவிட வயதில் சின்னவள். மொட்டைத் தலை, மங்கிய செம்பழுப்பு உடை. முன்பு லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவளாம். மோட்டார் அறைகளின் இரைச்சலில் இடது காது மந்தமாகிவிட்டது. அறைக்குள் போய் உட்கார்ந்தவள், ஒலி வந்தபோது அழுத்தினாள். வராதபோது, குளத்தில் விழுந்த இலை மாதிரி அப்படியே இருந்தாள். ஒரு தடவைகூட வீணாக அழுத்தவில்லை.

ஹெட்போனைக் கழற்றும்போது பொத்தானக்கா கேட்டே விட்டாள்: "அம்மா, தியானத்துல உக்காந்தா போன பிறவி தெரியும்கிறாங்களே, நிஜமா?"

"மனசு ரொம்ப ஆழமா அடங்கினவங்களுக்குத் தெரியும்னு சொல்லியிருக்கு. நான் பார்த்ததில்லம்மா."

"பார்க்காமலேயா மொட்டை அடிச்சுக்கிட்டீங்க?"

பிக்குணி வாய்விட்டுச் சிரித்தாள். "வந்து பாருன்னுதானே கூப்பிட்டாரு புத்தர்? வந்துட்டேன். இன்னும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

அந்த பதில் பொத்தானக்காவுக்குப் பிடித்துவிட்டது. பிக்குணி இருந்த தியான இல்லத்தில் சில நாள் உட்கார்ந்து பார்க்க லீவு எழுதிக் கொடுத்தாள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் வீட்டுக்காரர் பையில் போர்வையை மடித்து வைத்துக்கொண்டே, "போன ஜென்மத்துல நான் உனக்கு யாருன்னு மட்டும் பார்த்துச் சொல்லு. மாமியாரா இருந்திருந்தா சொல்லவே வேண்டாம்" என்றார்.

தியான இல்லம் ஊரை ஒட்டிய மேட்டில், ஒரு காலத்தில் மாணவர் விடுதியாக இருந்த கட்டடத்தில் இருந்தது. நீளமான கூடம், சன்னல் ஓரமாகப் பாய்கள். மூச்சு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதலில் முழங்கால் வலித்தது. பிறகு அடுப்பை அணைத்தோமா என்ற கவலை. பிறகு அலுவலகத்தில் எப்போதோ ஒருத்தி சொன்ன குத்தல் பேச்சு. மனம் சந்தைக்கடை மாதிரி இரைந்தது. போகப்போக, கடைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு ஆட்கள் போய்விட்ட மாதிரி ஓர் அமைதி வந்தது. தன் பஞ்சு அறைக்குள் தானே போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஒரு முற்பகலில் அது வந்தது.

வெள்ளை. நாலு பக்கமும் தரை வரை தொங்கும் வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே இருந்த வெளிச்சம் உள்ளே பால் போல ஊறியிருந்தது. கதகதப்பு, ஈரம், நீராவியின் வாசனை. தலைக்கு மேலே மரப்பலகை. எங்கேயோ பெரிதாக, தொப்... புஸ்ஸ்... தொப்... புஸ்ஸ்... தரை அதிர்ந்தது. அவள் ரொம்பச் சின்னதாக இருந்தாள். பயமில்லை. பக்கத்தில் யாரோ, ராகமே இல்லாமல், வண்டு மாதிரி முனகிக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோ அவள் கையைப் பிடித்திருந்தார்கள். முழுக் கையை அல்ல, சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் மட்டும். ஒவ்வொரு தொப்புக்கும் அந்த இரண்டு விரலும் ஒருமுறை நசுங்கின.

கண் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. சன்னலுக்கு வெளியே மரம் அப்படியேதான் நின்றது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். துணி, தொப், முனகல், இரண்டு விரல். வேறு எதுவும் கூடவில்லை, குறையவுமில்லை.

பிக்குணியிடம் போய்ச் சொன்னாள். "இதுதானாம்மா அது?"

"இன்னும் அதுக்குப் பேர் வைக்காதீங்க. வந்ததை வந்தபடி வச்சுக்குங்க."

"சோதிச்சுப் பார்க்க முடியாதா?"

பிக்குணி சற்று யோசித்தாள். "உங்க தொழில்ல எப்படிச் சோதிப்பீங்க?"

"சத்தம் எப்ப வரும்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. என் கையை அவங்க பார்க்கக் கூடாது."

"அப்ப உங்க கையை மறைச்சு வச்சுக்குங்க" என்றாள் பிக்குணி.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் துணியையும் மேசையையும் சொன்னாள். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கவனமாகக் கேட்டார். "மேசைக்கு அடியில, கதகதப்பா, பக்கத்துல ஒண்ணு முனகிக்கிட்டு... சந்தேகமே இல்ல. போன ஜென்மத்துல நீ பூனைக்குட்டி."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விரல்களைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துவைத்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். "என்னடி, போன ஜென்மத்தைப் பார்த்துட்டு வந்தியா?" என்று கேட்டதில் கிண்டல் பாதி, ஆவல் பாதி.

பொத்தானக்கா ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தபடி சொன்னாள். வெள்ளைத் துணி. மேலே பலகை. நீராவி. "அப்புறம் ஒரு சத்தம்க்கா. தொப்புன்னு விழுந்து, புஸ்ஸுன்னு..."

அக்காவின் கை நின்றது. கையில் பாதி மடித்த சேலை.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலக்கா. அங்க உக்காந்தப்ப வந்துச்சு."

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெகுநேரம் சேலையின் ஓரத்தையே நீவிக்கொண்டிருந்தாள். பிறகு, யாருக்கோ கேட்டுவிடுமோ என்று பயந்தவள் மாதிரிச் சொன்னாள்:

"அது ஜென்மமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடம். அம்மா அங்க இஸ்திரி போடுற வேலையில இருந்தாங்க. பெரிய மிஷின், மேல் மூடி தொப்புன்னு விழும். உன்னைப் பார்த்துக்க ஆள் இல்லாம அங்கேயே கூட்டிட்டுப் போவாங்க. விரிப்பு மடிக்கிற மேசைக்கு அடியில உக்கார வச்சிருவாங்க. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து குனிஞ்சு பார்ப்பேன்."

பொத்தானக்காவுக்கு உள்ளே ஏதோ சரிந்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. முற்பிறவியைத் தேடிப்போய், மூன்று வயதுகூட ஆகாத தன் சொந்தப் பிறவியில் போய் முட்டிக்கொண்டிருக்கிறாள்! ஆனால் ஒன்று இடித்தது.

"நான் மட்டும்தானாக்கா அங்க இருந்தேன்?"

 அக்காவின் முகம் மெல்ல மெல்ல உடைந்தது.

"உனக்கு ஒரு அண்ணன் இருந்தான்டி. நாலு வயசு. எப்பவும் ஏதாவது முனகிக்கிட்டே இருப்பான், அதனால தும்பின்னு கூப்பிடுவோம். காய்ச்சல்ல போயிட்டான். மூணே நாள். அதுக்கப்புறம் அம்மா அந்தப் பேரை வீட்டுல எடுக்க விடல. உனக்கு நினைவு இல்ல, உனக்காவது அந்தப் பாரம் வேண்டாம்னு சொன்னாங்க. அவங்க கண்ணை மூடின பிறகும் என்னால சொல்ல முடியல. சொன்னா அம்மாவை மீறின மாதிரி இருந்துச்சு."

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அறைக்குள் துணிகளின் வெயில் வாசம்.

"ஏன் போனான்னு அம்மாவைக் கேட்டேன்" என்றாள் அக்கா. "எனக்கு எட்டு வயசு. போன ஜென்மத்துக் கர்மம்னாங்க. வேற யாரும் வேற எதுவும் சொல்லல. அதையே பிடிச்சுக்கிட்டேன்."

பொத்தானக்கா அருகில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்டதெல்லாம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அக்கா சட்டென்று அவள் தோளைப் பற்றினாள். "அவன் முகத்தைப் பார்த்தியா? சொல்லுடி. எனக்கு மறந்து போச்சு. போட்டோவை எல்லாம் அம்மா எடுத்து மறைச்சுட்டாங்க. எவ்வளவோ முயற்சி பண்றேன், முகம் மட்டும் வர மாட்டேங்குது. அகலமா, ஒல்லியா, எப்படி இருந்தான்?"

அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்வது எளிதாக இல்லை. ஒரு முகத்தைச் சொல்லிவிடலாம். பெரிய கண், சுருட்டை முடி என்று எதையாவது. அக்கா நம்புவாள். நம்பிக்கொண்டே நிம்மதியாகத் தூங்குவாள். நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது.

"முகம் தெரியலக்கா" என்றாள். "முனகல் கேட்டுச்சு. அப்புறம் கை. என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தான்."

"எப்படிப் பிடிச்சிருந்தான்?"

சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். தன் இடது கையை, விரல்களை விரித்து, அக்கா மடியில் வைத்தாள்.

"நீ சொல்லுக்கா. அவன் எப்படிப் பிடிப்பான்? பிடிச்சுக் காட்டு."

அக்கா யோசிக்கவே இல்லை. விரித்த கையின் ஓரத்துக்கு வந்து, சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் மட்டும் சேர்த்துப் பற்றினாள். பற்றி, கண்ணை மூடி, வாயால் சின்னதாகத் "தொப்" என்று சொல்லி நசுக்கினாள்.

"ஒவ்வொரு தடவை மிஷின் விழும்போதும் இப்படித்தான். 'பயப்படாத, பயப்படாத'ன்னு அர்த்தம். அவனுக்குத்தான் பயம். உனக்குச் சொல்ற மாதிரி அவனுக்கே சொல்லிக்குவான்."

 அக்கா கண்ணைத் திறந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். மடித்த துணியெல்லாம் கலைந்து தரையில் கிடந்தது. சாயங்காலம் வரை யாரும் எழுந்து விளக்குப் போடவில்லை. அந்த மங்கலில், இன்னும் ஓர் ஆள் அறையில் உட்கார்ந்திருப்பது மாதிரியே இருந்தது.

அடுத்த தடவை மேட்டுக்குப் போனபோது பிக்குணி வாசல் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பொத்தானக்காவும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் சொன்னாள். கடைசியில் கேட்டாள்:

"நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன கர்மம்மா இருந்திருக்கும்?"

பிக்குணி தேய்ப்பதை நிறுத்தினாள். "ஒரு குழந்தை தலையில கணக்கு எழுதுற தைரியம் எனக்குக் கிடையாது. ஒருத்தர் ஏன் செத்தாங்கன்னு கர்மத்தை வச்சுத் தோண்டிக்கிட்டே போனா மனசு பேதலிக்கும்னு புத்தரே எச்சரிச்சிருக்காரு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "அன்னைக்கு உங்க அக்கா முகம் கேட்டாங்களே. இல்லாத முகத்தை நீங்க கொடுக்கல. அப்ப உங்க மனசு எந்தப் பக்கம் சாய்ஞ்சுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அதோட பலன் என்னன்னும் பார்த்தீங்க. கர்மம்னா நாம மனசறிஞ்சு செய்யறதுதான்; அதுல இவ்வளவு தூரம் நாம சோதிச்சுப் பார்க்கலாம்."

"அப்ப போன பிறவி?"

"அது இன்னும் கொஞ்சம் பின்னாடி இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உக்காருங்க, பார்ப்போம்."

உட்கார்ந்தாள். வெள்ளைத் துணி வரவில்லை. அதன் பிறகு எப்போதுமே வரவில்லை. மூச்சு வந்தது, போனது.

ஆனால் அக்காவுக்குப் பாயும் வேண்டியிருக்கவில்லை, மேடும் வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டது போதும் என்பது மாதிரி, நினைவுகள் தாமாகவே வரத் தொடங்கின. கண்ட நேரத்தில் போன் செய்வாள். "தண்ணிக் குழாயைக் கண்டா விடமாட்டான்டி." "செருப்பை மாத்தித்தான் போடுவான்." ஒரு நாள் காலையில், உள்ளே ஒரு பெரியவர் ஹெட்போன் மாட்டிக் காத்திருக்கும்போது போன் அடித்தது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"வந்துருச்சுடி! காய் நறுக்கிக்கிட்டிருந்தேன், முகம் வந்துருச்சு. அகல நெத்தி. முன்பல் ஒண்ணு பாதி உடைஞ்சிருக்கும், வாளியில இடிச்சுக்கிட்டான். சிரிச்சா ஒரு கண்ணு மட்டும் மூடும்."

பொத்தானக்கா தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அது நினைவா, ஆசையா என்று அவள் கேட்கவில்லை.

"காது?" என்றாள். "காது எப்படிக்கா இருக்கும்?"

அந்தப் பக்கம் அக்கா யோசிப்பது கேட்டது. கத்தியைப் பலகையில் வைக்கும் ஓசையும் கேட்டது.

"விடைச்சுக்கிட்டு நிக்கும்" என்றாள் அக்கா. "இரு, இன்னும் இருக்கு, கேளு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர் பொத்தானைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் என்று அவருக்குக் கையால் காட்டிவிட்டு, அவள் போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.