ஆடுகள் கேட்ட சத்தம்

ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பொன்மணிக்கு முதல் வலி எடுத்தது. வாய்வரை வந்த சத்தத்தைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். தாயில்லாப் பெண், தலைப்பிரசவமும் மாமியார் வீட்டில்தான். மாமியாரோ ஊரே பேசும் சுடலையம்மாள். பருத்திக் காட்டில் ஆடு மேய்க்கப் போன இடத்தில் தனியாக, சத்தமே காட்டாமல் மகனைப் பெற்று, முந்தானையில் ஏந்தி வீடு வந்து சேர்ந்தவள். குழாயடியில் யாராவது பிரசவ வலியைப் பற்றிப் பேசினால், "சுடலையம்மாளப் பாருங்கட்டி" என்பார்கள். அவளும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பாள்.

புருஷன் முத்துசெல்வம் ஆட்டோ பிடித்து வந்தான்.

"ஏட்டி, கத்திக்கித்தி மானத்த வாங்கிராத. நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் கெடையாது" என்று வழியெல்லாம் மருமகள் காதில் ஓதினாள் சுடலையம்மாள்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில், பிரசவ அறைக்குள் கூடவே ஒரு பெண் இருக்கலாம் என்ற வழக்கம் அப்போதுதான் வந்திருந்தது. மாமியாரையும் உள்ளே விட்டார்கள். மதியத்துக்குள் வலி நெருக்கி வந்தது. வெடித்துக் கிடக்கும் கரிசலில் முதல் மழைத் தண்ணீர் இறங்குவதுபோல உடம்பின் இடுக்கெல்லாம் புகுந்தது. பொன்மணி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். வலி வந்தபோதும் முக்கினாள். விட்டபோதும் மூச்சை அடக்கி முக்கினாள். உதடு வெளுத்தது. பிள்ளை இறங்கவில்லை.

நர்ஸ் ராதாமணி பிள்ளையின் துடிப்பைக் கேட்டாள். முகம் மாறியது.

"மூச்ச அடக்கிக்கிட்டே கெடந்தா உள்ள பிள்ளையும் சோந்து போவும். வலி வரும்போது மட்டும் முக்கு. விட்டதும் உடம்பத் தளத்திப் போட்டு மூச்சு விடு. கத்தணும்னா கத்து. இப்பிடியே போனா ஆபரேசன்தான்."

பொன்மணி தலைப்பை விலக்கினாள். "மாட்டேன் சிஸ்டர். எங்க அத்தை சத்தங்காட்டாமப் பெத்தவிய."

மறுபடி வாயை அடைக்கப் போன கையைச் சுடலையம்மாள் பிடித்தாள்.

"பொய்யிட்டி அது! நான் கத்துன கத்துல ஆடெல்லாம் மெரண்டு அடுத்த காட்டுல போய் விழுந்துச்சு. அம்மான்னு கூப்பிட்டேன், ஒரு வெள்ளாடுதான் திரும்பிப் பாத்துது. கேக்க ஆளில்ல. அதான் ஊரு சத்தமே இல்லன்னுட்டு. நானும் பெருமையா இருக்கட்டும்னு விட்டுட்டேன். இடுப்பத் தடவிவிட ஒருத்தி இல்லையேன்னு அன்னைக்கு எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

மருமகளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள். இடுப்பை அழுத்தித் தேய்த்தாள். வலி விட்ட இடைவெளியில் பொன்மணி முதன்முதலாக மூச்சை முழுசாக விட்டாள்.

அடுத்த வலிக்கு அவள் போட்ட கூச்சலில் வெளியே முத்துசெல்வம் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

"அப்பிடித்தான்! அந்தப் பெலத்தக் கீழ எறக்கு" என்றாள் ராதாமணி. "இப்ப விடு... ஓய்வெடு."

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயைவிடப் பெரிய சத்தம்.

பார்க்க வந்த பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள் இடித்துப் பேசினாள். "என்ன மதினி, ஒம் மருமவ சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுதாமே?"

சுடலையம்மாள் பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"கேக்கட்டும். வலி எடுத்தவ கத்தத்தான் செய்வா. அந்த நேரத்துல அவள வாயப் பொத்தச் சொல்லுததும், தனியா விடுததுந்தான் அசிங்கம். ஒம் மவளுக்கும் அடுத்த மாசந்தான? கூட இருந்து இடுப்பத் தேச்சுவிடு."