மஞ்சள் இஸ்தானாவின் மூன்றாவது பிள்ளை

கணவர் அப்துல் கனி இறந்தபின் வீட்டோடு இருந்த இத்தாக் காலம் முடிந்ததும் மரியம் மகளிடம், "வீட்டப் பாக்கணும்" என்றார்.

"எந்த வீடும்மா?" என்று கேட்டாள் ரிஹானா.

"நான் பொறந்த வீடு."

கிள்ளானில் ஒரு குன்றின்மேல் இருந்தது அந்த மஞ்சள் இஸ்தானா, மலாய் அரச குடும்பத்து அரண்மனை. ராஜா என்ற பட்டம் அந்தக் குடும்பத்தில் பெண்களுக்கும் உண்டு. ஜவுளிக்கடைத் தமிழரைக் கட்டிக்கொண்டு மரியம் வெளியேறிய பிறகு அவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. தாய்மொழியான மலாயைக்கூட கடைக்கு வருகிறவர்களோடுதான் பேசினார். வீட்டில் எல்லாம் தமிழ்.

அவருடைய அண்ணன் இப்போது அந்த இஸ்தானாவை அருங்காட்சியகமாக்கியிருந்தார். இருவரும் டிக்கெட் எடுத்து உள்ளே போனார்கள். சுற்றிக்காட்ட வந்த குமுதா செந்தூல் பக்கத்துத் தமிழ்ப் பெண். இவர்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள்.

"இங்கதான் விருந்து நடக்கும் ஆன்டி. ராஜாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. ரெண்டும் ஆம்பளப் பிள்ளைங்க."

"ரெண்டா?" என்றாள் ரிஹானா.

"ஆமாக்கா. ட்ரெய்னிங்ல அப்படித்தான் சொன்னாங்க."

மரியம் படிக்கட்டின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். இந்த வீட்டைப் பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்திருந்தார். கணவரின் ஜனாஸாவைத் தூக்கியபோதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை. கைப்பிடி வழுவழுவென்று இருந்தது. அவ்வளவுதான்.

"இவங்க அந்த ராஜாவோட மக, மரியம்" என்றாள் ரிஹானா.

குமுதா மரியம் பக்கம் திரும்பினாள். "சாரி ஆன்டி. எனக்குத் தெரியாது லா."

"நீ என்னம்மா பண்ணுவே. மாடியில கடைசி ரூம் இப்ப என்னவா இருக்கு?"

"ஸ்டோர் ஆன்டி. வாங்க, தொறந்து விடுறேன்."

அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். குமுதா ஜன்னலுக்கு வழி ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டம் வந்துவிட்டதால் கீழே ஓடினாள்.

"உங்க அத்தாவை மொதமொதல்ல இங்கேருந்துதான் பாத்தேன்" என்றார் மரியம். "பெரியண்ணன் கல்யாணத்துக்குத் துணி கொண்டாந்தாரு. காலையிலேருந்து வெயில்ல நிக்கிறாரு, யாரும் உள்ள கூப்புடல. நான் தண்ணி குடுத்தனுப்பினேன். அதுக்கே வீட்ல பெரிய சண்டை."

கீழேயிருந்து குமுதாவின் குரல் கேட்டது. மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள்: ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள், கடைசி மகள் ராஜா மரியம்.

ரிஹானா அழுதுவிட்டாள்.

"அழுவாத. போயி அதை நிறுத்தச் சொல்லு. அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."

ரிஹானா பாதிப் படி இறங்கி, வேண்டாம் என்று கையை அசைத்தாள். குமுதா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அதையே ஆங்கிலத்தில், இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"அவ கேக்கமாட்டாம்மா" என்றாள் ரிஹானா திரும்பி வந்து.

மரியம் தலையாட்டினார். தன் பெயரை இந்த வீட்டில் கேட்டதற்கு என்ன தோன்றுகிறது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு லோரி மெல்ல மேடேறி வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாம்" என்றார்.